ஆர்சி ஜெட்டின் லேண்டிங் கியர்: ராமநாதபுரம் கடற்கரையில் பழுதுநீக்கமும் மேம்பாடும்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்சி ஜெட் என்பது ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம்; அதன் காலும் சக்கரமும் அவற்றை மடக்கும் பொறியும் சேர்ந்ததே லேண்டிங் கியர், சுருக்கமாகக் கியர். இங்குள்ள பதில்கள் இரண்டு வகை மாதிரி ஜெட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒன்று, 70 முதல் 90 மி.மீ. வரை விட்டமுள்ள மின்விசிறி பொருத்திய, ஏறத்தாழ 2 முதல் 5 கிலோ எடையுள்ள நுரை ஜெட். மற்றொன்று, கண்ணாடி நார் உடலும் மண்ணெண்ணெயில் ஓடும் டர்பைனும் கொண்ட, 10 கிலோவைத் தாண்டும் பெரிய ஜெட். நம் பகுதியில் பெரும்பாலும் காணப்படுவது முதல் வகையே என்பதால் அதற்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

மற்ற ஊர்களில் நெடுநாள் தாங்கும் லேண்டிங் கியர் இங்கே ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது?

முதற்காரணம் நிலம். தார் போட்ட ஓடுபாதைக்காக வடிவமைக்கப்பட்ட சிறிய சக்கரங்களை நாம் வற்றிய கண்மாய்ப் படுகையிலும், உப்பளத்தை ஒட்டிய பொட்டலிலும், மணல் ஏறிய பழைய சாலைத் துண்டுகளிலும் ஓட்டுகிறோம். கோடையில் கண்மாய்ப் படுகை பார்ப்பதற்குத் தளம் போட்டதுபோல் தெரிந்தாலும், களிமண் காய்ந்து பிளந்த வெடிப்புகள் 50 மி.மீ. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் போதுமானவை. மண்டபம், ராமேஸ்வரம் பகுதியின் மண்ணில் பழைய பவளப்பாறைத் துண்டுகள் கலந்திருக்கின்றன. அவற்றின் விளிம்பு நுரை டயரைக் கத்திபோல் கீறிவிடும். எல்லா இடத்திலும் சீமைக்கருவேல முள் உண்டு. நுரை டயரில் காற்று இல்லாததால் முள் ஏறினாலும் அது பஞ்சராகாது என்பது உண்மைதான். ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள், சக்கரம் உள்ளே மடங்கும்போது குழியின் சுவரிலோ கதவிலோ மாட்டிக்கொண்டு மோட்டாரைத் திணறச் செய்யும்.

இரண்டாவது உப்பு. கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி வசித்தாலும் உப்புக்காற்று வந்து சேர்கிறது. மூன்றாவது காற்றின் வேகம். ஏறத்தாழ வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான் காற்று வலுவாக வீசும் நாள்களில், எதிர்காற்றில் இறங்கினால் கியருக்கு அது நன்மையே. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இறங்கும் ஜெட்டுக்கு 20 கி.மீ. எதிர்காற்று கிடைத்தால் தரைவேகம் 40 ஆகிவிடும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. ஆனால் நமக்குக் கிடைக்கும் பொட்டல்களில் ஓடுதிசையைக் காற்றுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க எப்போதும் இயலாது. பக்கக்காற்றில் ஒற்றைச் சக்கரம் முதலில் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும், இரண்டு கால்கள் பங்கிட வேண்டிய சுமையை ஒரே கால் ஏற்கிறது.

கடினமாக இறங்கியபின் கால் பின்னோக்கி வளைந்திருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வளைந்த காலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கால் எதில் பொருத்தப்பட்டிருக்கிறதோ அந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணுக்குத் தெரியும் வளைவை நிமிர்த்திவிட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு மீண்டும் பறக்கவிடுவதே இறக்கையிலிருந்து கியர் முழுதாகப் பிய்ந்து வருவதற்கு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

காலை மடக்கி விரிக்கும் பொறியான ரிட்ராக்டைத் தாங்கும் நான்கு திருகுகளையும் கழற்றி அதை வெளியே எடுங்கள். திருகு துளைகள் நீள்வட்டமாக விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் திருகுகள் இறங்கும் பிளைவுட் தாங்கியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அசைகிறதா, ‘கிறுக்’கென்று ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். நுரை ஜெட்டில் பிளாஸ்டிக் தாங்கியைச் சுற்றி நுரையில் தலைமுடி அளவு கோடு ஒன்று ஓடியிருந்தால், உள்ளே பசை ஏற்கெனவே விட்டுவிட்டது என்று கொள்ளலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஜெட்டை வைத்திருப்போர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் உருக்கி ஊற்றிய பசை அந்தச் சூட்டில் இளகி, தாங்கியை விட்டுப் பிரிந்துவிடக்கூடும்.

அதன்பிறகு ரிட்ராக்டைக் கையில் பிடித்து, காலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். அசைவு ட்ரன்னியனுக்கும் பின்னுக்கும் இடையிலா, ட்ரன்னியனுக்கும் சட்டகத்துக்கும் இடையிலா என்று பிரித்தறிய வேண்டும். ட்ரன்னியன் என்பது காலின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு, கால் மடங்கும்போது அதோடு சேர்ந்து சுழலும் கட்டை. அதனுள் செருகியிருக்கும் எஃகுத் தண்டே பின். பின்னை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாச் சிறு திருகான கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பின்னை உருவினால், பழுதின் கதை அதன் மேலேயே எழுதியிருக்கும். ஸ்க்ரூ அழுத்திய இடத்தில் பிறை வடிவில் பளபளப்பான தேய்மானம் இருந்தால், பின் நெடுநாளாக உள்ளே சுழன்றாடிக்கொண்டிருந்திருக்கிறது. ட்ரன்னியனின் வாயருகே வெண்மாவு போன்ற தூள் ஒட்டியிருந்தால் அது அலுமினியம் உப்பில் அரிபட்டதற்கான அடையாளம்.

வளைந்த பின்னை நிமிர்த்திப் பயன்படுத்தலாமா?

அன்றைய மாலைப் பறப்பை முடிப்பதற்கு ஒருமுறை நிமிர்த்திக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். வளைந்து நிமிர்ந்த எஃகு அதே இடத்தில் எளிதாக மீண்டும் வளையும், அல்லது உடையும். அடுப்பில் காட்டிச் சூடேற்றி நிமிர்த்துவது இன்னும் மோசமானது, ஏனெனில் பியானோ கம்பிக்கும் கடினமாக்கிய தண்டுக்கும் உரமூட்டியிருக்கும் பதம் அந்தச் சூட்டில் போய்விடுகிறது.

மாற்றுப் பின் செய்வதற்கு நம் ஊர் லேத் பட்டறையே போதும். ஈ.என்.24 என்ற வலுவான எஃகு வகைத் தண்டைக் கேட்டு வாங்கி, வெர்னியரில் அளந்து, ட்ரன்னியன் துளைக்குள் விரலழுத்தத்தில் நுழையுமளவுக்குக் கடைந்து தரச் சொல்லுங்கள். இயந்திரங்களில் பயன்படும் டவல் பின் கிடைத்தால் அதன் விட்டம் மிகத் துல்லியமாக இருக்கும். ஆனால் அது மேற்பரப்பு மிகவும் கடினப்பட்டது; முதலில் வளைந்து எச்சரிக்காமல், படாரென்று உடையக்கூடும். சைக்கிள் ஸ்போக்கும் கட்டுக்கம்பியும் இந்த வேலைக்கு உதவாது.

பின்னில் கிரப் ஸ்க்ரூ அமரும் இடத்தில் ஒரு தட்டையான வெட்டு அவசியம். சிறிய சாணையால் 0.5 மி.மீ. ஆழத்துக்குத் தேய்த்தால் போதும். ஆழம் கூடினால் பின் அந்த இடத்தில்தான் ஒடியும். வெட்டின் நீளம் ஸ்க்ரூவின் அகலத்தைவிடச் சற்றே பெரியதாக இருக்கட்டும்; நீண்டுவிட்டால் கால் மேலும் கீழும் நழுவும். ஸ்க்ரூ இழையிலும் துளையிலும் உள்ள எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நீல நிறத் திருகுப் பசையில் ஒரு சொட்டு இட்டு முறுக்குங்கள். சிவப்பு நிறப் பசை வேண்டாம். அதைப் பின்னர் கழற்றச் சூடேற்ற வேண்டியிருக்கும், சிறிய ஆலன் தலையோ அதற்குள் தேய்ந்து உருண்டுவிடும். இழை பிளாஸ்டிக்கில் இருந்தால் திருகுப் பசையே கூடாது, பல பிளாஸ்டிக்குகளை அது விரிசல்விடச் செய்யும்.

4 மி.மீ. பின்னுக்குப் பதில் 5 மி.மீ. போட்டால் பிரச்சினை தீருமா?

பின்னின் பிரச்சினை தீரும். உருண்டைத் தண்டு வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது என்பதால், 4 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ.க்குப் போனால் வலிமை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. எடை ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடுகிறது. இவ்வளவு எளிதில் கிடைக்கும் மேம்பாடு என்பதால்தான் எல்லோரும் அதை நாடுகிறார்கள்.

ஆனால் தரையிலிருந்து வரும் அடி குறையவில்லை. அது வளையாத பின்னைக் கடந்து அடுத்த இடத்துக்குப் போகிறது. அடுத்த இடம் பிளாஸ்டிக் ட்ரன்னியன் என்றால் அது பிளக்கும். அதை உலோகமாக மாற்றினால் சட்டகத்தின் காதுகள் உடையும். அதையும் மாற்றினால் இறக்கையின் நுரை பிய்ந்து வரும். ஒரு கியரை மேம்படுத்தத் தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டியது, தாங்க முடியாத அடி விழும்போது எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் எதற்கு இருக்கிறதோ அதற்காகவே கியரிலும் ஒரு பலவீனமான இடம் இருக்க வேண்டும்; அது விலை குறைந்ததாகவும், களத்திலேயே மாற்றத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.

என் தேர்வு எப்போதும் பின்தான். வளைந்த பின்னைக் கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பிய்ந்த இறக்கைக்கு ஒரு வாரம் வேண்டும். ஆகவே தாங்கியையும் ட்ரன்னியனையும் முதலில் வலுப்படுத்துங்கள். அவை பின்னைவிடத் திடமானவை என்று உறுதியான பிறகும் பின் அடிக்கடி வளைந்தால் அப்போது 5 மி.மீ.க்குப் போகலாம். பெரிய ஜெட்டுகளில் சிலர் ரிட்ராக்டைத் தாங்கியோடு இணைக்கும் திருகுகளில் பின்புற இரண்டை மட்டும் நைலான் திருகாக வைப்பார்கள். அந்த முறையும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். தாங்கியில் கால் பின்னோக்கி விலக இடமிருந்தால் மட்டுமே அது பயன் தரும்.

தாங்கி பிய்ந்துவிட்டது. படகுப் பட்டறையில் கிடைக்கும் ரெசினால் ஒட்டலாமா?

இந்தக் கேள்விக்கு நம் கடற்கரையில் தனி முக்கியத்துவம் உண்டு. பாம்பன், மண்டபம், கீழக்கரை என எங்கும் ஃபைபர் படகு பழுதுபார்ப்போர் இருப்பதால், ரெசினும் கண்ணாடி நாரும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. ஆனால் படகுக்குப் பயன்படுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அதில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோல் வகை நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். நுரை ஜெட்டுக்கு அதை அருகில் கொண்டுவர வேண்டாம். எபாக்ஸி மட்டுமே பாதுகாப்பானது. கண்ணாடி நார்த் துணியைப் படகுப் பட்டறையில் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வெட்டுநார்ப் பாய் வேண்டாம், நெய்த துணியைக் கேளுங்கள். பாயின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே போடப்படுவதால் எபாக்ஸியில் அது சரியாக நனையாது.

செய்முறை இதுதான். உடைந்த தாங்கியைச் சுற்றித் தளர்ந்த நுரையையும் பழைய பசையையும் முழுதாக வெட்டி அகற்றுங்கள். 3 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில், பழைய தாங்கியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை அகலமான தட்டு ஒன்றை வெட்டுங்கள். அகலம்தான் முக்கியம், தடிமனைக் கூட்டினால் எடை ஏறுமே தவிர, நுரைக்குப் போகும் அழுத்தம் குறையாது. இறக்கையில் கார்பன் குழாய் ஓடினால் தட்டின் ஒரு விளிம்பு அதைத் தொட்டு ஒட்டும்படி அமையுங்கள், ஏனெனில் சுமை இறுதியில் போய்ச்சேர வேண்டிய இடம் அந்தக் குழாய்தான். மெதுவாக இறுகும் 30 நிமிட எபாக்ஸியை நார்த்தூளோடு குழைத்துப் பயன்படுத்துங்கள். 5 நிமிட எபாக்ஸி அவசரத்துக்கு உதவும்; வெயிலில் அது சீக்கிரம் இளகும், கியர்த் தாங்கிக்கு ஏற்றதன்று. முழு வலிமைக்கு ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

மரத்தாங்கியில் விரிந்துபோன திருகு துளையைப் பெரிதாக்கி, மூங்கில் குச்சியை எபாக்ஸியோடு செருகி, காய்ந்தபின் சமமாக வெட்டிப் புதிதாகத் துளையிட்டால் பழையதைவிட நன்றாகப் பிடிக்கும்.

எலெக்ட்ரிக் ரிட்ராக்ட் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்த ரிட்ராக்டில் சிறிய டி.சி. மோட்டார் ஒரு திருகுதண்டைச் சுழற்ற, அதன்மேல் ஊரும் நட்டு ட்ரன்னியனைத் தள்ளுகிறது. பல வகைகளில் முனையைத் தொட்டதை அறியத் தனி சுவிட்சு கிடையாது. மோட்டார் முட்டி நிற்கும்போது மின்னோட்டம் ஏறுவதைக் கட்டுப்பாட்டுப் பலகை கவனித்து, ‘முடிந்தது’ என்று எண்ணி நிறுத்திவிடுகிறது. ஆகவே வழியில் எங்கே உராய்வு ஏற்பட்டாலும் அது முனை வந்துவிட்டதாகவே கருதும்.

காலை முழுதாகக் கழற்றிவிட்டு வெறும் ரிட்ராக்டை இயக்குங்கள். அது தடையின்றி இரு முனைக்கும் போனால் பழுது காலிலோ, சக்கரக் குழியிலோ, கதவிலோ இருக்கிறது. கழற்றிய பின்னும் நின்றால் நான்கு திருகுகளையும் அரைச்சுற்று தளர்த்திப் பாருங்கள். அப்போது ஓடினால், சமமில்லாத தாங்கிமேல் இறுக்கியதால் சட்டகம் முறுகியிருக்கிறது. ஒரு மூலையில் மெல்லிய வாஷர் வைத்தால் சரியாகிவிடும். இது அடிக்கடி காணப்படும் பழுது என்பதால், புதிய மோட்டாருக்குப் பணம் கொடுக்குமுன் இதைச் சோதிப்பது நல்லது. அடுத்துத் திருகுதண்டைப் பாருங்கள். எண்ணெயில் ஒட்டிய மணல் சாந்துபோல் இறுகியிருந்தால் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, உலர்ந்த டெஃப்ளான் பூச்சு கொடுங்கள்.

மல்டிமீட்டரை வரிசையில் இணைத்து, மூன்று ரிட்ராக்டுகளும் நடுவழியில் எடுக்கும் மின்னோட்டத்தைத் தனித்தனியே அளந்து ஒப்பிடலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் எடுத்தால் பழுது எதில் என்று உறுதியாகிவிடும். மூன்றும் சேர்ந்து தயங்கினால் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். மூன்று ரிட்ராக்டுகளும் முட்டி நிற்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரம், ரேடியோ ஆணைகளைப் பெறும் ரிசீவரின் மின்னழுத்தத்தையே சாய்த்துவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் இழப்பது கியரை அன்று, விமானத்தை. பலகை அனுமதிக்கும் அழுத்தத்தைப் பார்த்து, கியருக்கென்று தனியாக ஒரு சிறிய பேட்டரி வைப்பதை நான் வலியுறுத்துவேன்.

காற்றில் இயங்கும் ரிட்ராக்டில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? எலெக்ட்ரிக்குக்கு மாறிவிடலாமா?

தொட்டியை வழக்கமான 100 பி.எஸ்.ஐ. அளவுக்கு நிரப்பி, கால் கீழே இருக்கும் நிலையில் அரை மணி நேரம் விட்டு அழுத்தமானியைப் பாருங்கள். பிறகு கால் மேலே மடங்கிய நிலையில் அதையே செய்யுங்கள். ஒரு நிலையில் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கத்துச் சிலிண்டரின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கோ குழாயோ காரணம். இரண்டிலும் குறைந்தால் தொட்டி, நிரப்பும் வால்வு, சர்வோ என்ற சிறு மோட்டார் இயக்கும் வால்வு ஆகியவற்றில் ஒன்று. ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீரைத் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். குழாயின் முனையைக் கூரிய கத்தியால் நேர்கோணத்தில் வெட்டிப் புதிதாகச் செருகினாலே பல கசிவுகள் நின்றுவிடும். ஓ-ரிங்கை மாற்றும்போது சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். கடலோரக் காற்றை அப்படியே பம்பு செய்தால் ஈரமும் சேர்ந்தே உள்ளே போகும் என்பதால், பறந்து முடித்ததும் தொட்டியை முழுவதும் காலி செய்துவிடுங்கள்.

மாறுவதைப் பொறுத்தவரை, எலெக்ட்ரிக் ரிட்ராக்டில் பம்பும் கசிவும் இல்லை. கால் மெதுவாக, அழகாக இறங்கும். காற்று வகையில் இன்றும் நான் மதிக்கும் பண்பு, ஸ்பிரிங் பொருத்திய மாதிரிகளில் காற்று முழுதும் போய்விட்டாலும் கால் தானாகவே கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும் என்பதே. எலெக்ட்ரிக்கில் மின்சாரம் போனால் கால் அப்படியே நின்றுவிடும். மாறுவதென்றால் திருகு துளைகளின் இடைவெளி, பின்னின் விட்டம், கால் மடங்கும் கோணம் ஆகிய மூன்றையும் வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். எல்லாக் கால்களும் 90 பாகை மடங்குவதில்லை. சில ஜெட்டுகளில் 85, சிலவற்றில் 90க்கும் மேல். ஐந்து பாகை வேறுபட்டால் சக்கரம் குழியை விட்டு வெளியே நிற்கும்.

ஸ்பிரிங் உள்ள ஓலியோ காலும், டிரெய்லிங் லிங்க் காலும் விலைக்குத் தகுந்த பயன் தருமா?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 4 கிலோ ஜெட் ஒன்று நொடிக்கு 1.5 மீட்டர் செங்குத்து வேகத்தில் தரையைத் தொடுகிறது என்று கொள்வோம். அதை ஏறத்தாழ 11 செ.மீ. உயரத்திலிருந்து கீழே விட்டதற்குச் சமமாகக் கருதலாம். உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 4.5 ஜூல். எடையை இறக்கை தாங்கிக்கொண்டிருக்க, இந்த வேகம் 10 மி.மீ. தூரத்தில் நிறுத்தப்பட்டால் சராசரி விசை 450 நியூட்டன், அதாவது 46 கிலோ எடைக்கு ஒப்பான சுமை. அதே வேகம் 30 மி.மீ.யில் நிறுத்தப்பட்டால் 150 நியூட்டன், சுமார் 15 கிலோ. உச்ச விசை இந்தச் சராசரியைவிடக் கூடும். எஃகைத் தடிமனாக்குவதைவிட, கால் அமுங்கும் தூரத்தைக் கூட்டுவதே விமானத்தைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் ஸ்பிரிங்கோடு ஒரு தண்டு மற்றொன்றினுள் வழுக்கும் நேரான ஓலியோ நம் தரையில் பாதிப் பயனே தருகிறது. அது நேராக மேல்நோக்கித் தள்ளப்படும்போது மட்டும்தான் வழுக்கி உள்ளே போகும். வெடிப்பிலோ மணலிலோ சக்கரம் பின்னோக்கி இழுக்கப்படும்போது உள்தண்டு பக்கவாட்டில் அழுந்திச் சிக்கிக்கொள்வதால், ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. டிரெய்லிங் லிங்க்கில் சக்கரம் ஒரு கீல்கையின் பின்முனையில் தொங்குகிறது. அடி விழும்போது மேலும் பின்னுமாக விலகி மேட்டைத் தாண்டிவிடும். கப்பல் தளத்தில் கடுமையாக இறங்கும் எஃப்-18 போர்விமானத்தின் முதன்மைக் கால்களும் இந்த வகையே. ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், முதன்மைக் கால்களுக்கு டிரெய்லிங் லிங்க் வாங்குங்கள் என்பேன்.

ஸ்பிரிங்கின் வலுவையும் பார்க்க வேண்டும். பேட்டரியோடு ஜெட்டைத் தரையில் நிறுத்தினால் கால் தன் முழு அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்கியிருக்க வேண்டும். சற்றும் அமுங்காவிட்டால் ஸ்பிரிங் அதிக வலுவுள்ளது. அது அடியை உறிஞ்சாமல் விமானத்தை மீண்டும் மேலே எறியும்.

புதிய கால் பொருத்திய பிறகு ஜெட் துள்ளுகிறது, அல்லது மேலெழும்ப மறுக்கிறது. ஏன்?

சக்கரம் தரையைத் தொடும் புள்ளி இடம்மாறியிருக்கும். முதன்மைச் சக்கரம் எடைமையத்துக்குச் சற்றுப் பின்னே, செங்குத்துக் கோட்டிலிருந்து 15 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். அதிகம் பின்னே போனால் மூக்கைத் தூக்க, வாலிலுள்ள அசையும் பரப்பான எலிவேட்டருக்கு வலு போதாது. அதிகம் முன்னே வந்தால் ஜெட் வாலில் உட்காரப் பார்க்கும். டிரெய்லிங் லிங்க் சக்கரத்தைப் பின்தள்ளும் என்பதால் வாங்குமுன் அளந்து பாருங்கள். முன்கால் நீளமாகி மூக்கு உயர்ந்து நின்றாலும் துள்ளல் வரும். உடல் தரைக்கு இணையாகவோ, ஒரு பாகை மட்டும் உயர்ந்தோ நிற்பது நலம். இரு முதன்மைச் சக்கரங்களும் நேராகவோ மிகச் சிறிதளவு உள்நோக்கியோ இருக்கலாம். வெளிநோக்கி இருக்கக் கூடாது.

டயரும் சக்கரமும்?

குழி இடம்கொடுக்கும் அளவுக்குப் பெரிய சக்கரத்தைப் போடுங்கள். கரடான தரையில் 5 மி.மீ. கூடுதல் விட்டம்கூட வேறுபாட்டைக் காட்டும். மென்நுரை டயரைவிட உள்ளே நுரை அடைத்த ரப்பர் டயர் பவளக்கல்லையும் முள்ளையும் நன்றாகத் தாங்கும். மையத்துளை பிளாஸ்டிக்காக இருந்தால் மணல் அதை அரத்தால் ராவியதுபோல் தேய்த்துவிடும். பித்தளைப் புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து செருகலாம்.

முன்சக்கரம் வாரியடிக்கும் மணலும் கல்லும் வயிற்றுப்புறக் காற்றுவாயில் வழியாக விசிறிக்குள் போவது நம் தரையில் பெரிய இடர். நம் விமானப்படையின் மிக்-29 முன்சக்கரத்தில் மட்கார்டு இருப்பதும் இதற்காகத்தான். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் அதுபோன்ற ஒன்றைச் செய்து பொருத்துவது ஒரு மணி நேர வேலை.

பிரேக் தேவையா? கியர்க் கதவுகள்?

மின்விசிறி ஜெட்டுக்குப் பிரேக் தேவையில்லை. டர்பைன் மிகக்குறைந்த ஓட்டத்திலும் உந்துவிசை தந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்குப் பிரேக் கட்டாயம். கதவுகளைப் பொறுத்தவரை, கரடான தரையில் பறப்போர் உள்கதவுகளைக் கழற்றி வைத்துவிடுவதே என் பரிந்துரை.

உப்பிலிருந்து கியரை எப்படிக் காப்பது?

பறந்து முடித்த அன்றே கவனித்தால் பெரும்பாலான சேதம் வராது. குடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கால், சக்கரம், திருகுத்தலைகளைத் துடைத்து, பிறகு உலர்த்துங்கள். ரிட்ராக்ட் மோட்டாரையும் பலகையையும் நனைக்க வேண்டாம். அங்கே ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினியத்தில் இறங்கியிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியமே முதலில் அரிபடும், திருகும் கழற்ற முடியாமல் பிடித்துக்கொள்ளும். நீலத் திருகுப் பசை அந்த இடைவெளியை அடைத்து இதையும் தடுக்கிறது. திருகு வாங்கும்போது 316 வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 304 வகையைவிட அது உப்பை நன்றாகத் தாங்கும். கிராஃபைட் தூளை அலுமினியத்தின் மேல் போட வேண்டாம். மசகாக இருந்தாலும் ஈரம் சேர்ந்தால் அரிப்பை அது தூண்டிவிடும். துருநீக்கும் ஸ்பிரே கழுவுவதற்கு நல்லது, ஆனால் நிலையான மசகுக்குப் போதாது.

சரிசெய்ததைச் சோதித்துப் பறக்க எங்கே போகலாம்?

இந்தியாவில் 25 கிலோ வரையிலான மாதிரி விமானங்களும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்குள் வருகின்றன; கண்பார்வைக்குள் மட்டுமே பறக்கவிட வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களைக் காட்டும் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை வான்தளம் இருப்பதை நம் பகுதியினர் ஒருபோதும் மறக்கக் கூடாது. ஹெலிகாப்டர்கள் தாழ்வாகவே கடந்து செல்லும். பாம்பன் பாலத்தின் அருகிலும், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளின் பக்கமும் ஜெட்டைக் கொண்டு செல்ல வேண்டாம். உப்பளமோ கண்மாயோ, உரியவரிடமும் ஊராரிடமும் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

முதல் பறப்புக்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

ஜெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்து, கியரைப் பத்து முறை மடக்கி விரியுங்கள். பிறகு நிமிர்த்திப் பிடித்து அதையே செய்யுங்கள், ஏனெனில் புவியீர்ப்பு உதவும்போது ஓடும் கால் எதிர்க்கும்போது நின்றுவிடக்கூடும். பேட்டரியோடு முழு எடையில், மெத்தென்ற பாய் மேல் 5 செ.மீ., பின்பு 10 செ.மீ. உயரத்திலிருந்து மூன்று சக்கரங்களும் ஒன்றாகத் தொடும்படி விட்டுப் பாருங்கள். தாங்கியருகே ஏதாவது ஒலித்தால் மீண்டும் திறக்க வேண்டும். பின்னர் களத்தில் மெதுவாகவும், அடுத்து மேலெழும் வேகத்தில் பாதிவரையும் ஓட்டுங்கள். முன்சக்கரம் நடுங்கினால் அதன் ஸ்டீயரிங் இணைப்பில் உள்ள தளர்வைப் போக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பின்னுக்கும் ட்ரன்னியனுக்கும் குறுக்கே வண்ணப் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். முதல் பறப்பு முடிந்ததும் அந்தக் கோட்டைப் பாருங்கள். இரு பாதிகளும் சிறிதேனும் விலகியிருந்தால் பின் சுழன்றிருக்கிறது, அதைச் சரிசெய்யும்வரை அந்த ஜெட்டை மீண்டும் மேலே அனுப்ப வேண்டாம்.